பக்கவாதம் வந்த அத்தைக்குச் சேலை மாதிரியே சுலபமாக உடுத்த ஏதாவது தைக்க முடியுமா? சாப்பாட்டுக்கும் வழி சொல்லுங்கள்

ஈரோட்டு மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அத்தைக்கு (வீட்டுக்காரரின் அம்மா) 71 வயது. ஏழு வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம், பிசியோதெரபி செய்ய ஒருவர் வாரம் மூன்று நாள் வருகிறார். சாய்மானம் கொடுத்தால் உட்காருவார், பேச்சு குழறினாலும் எங்களுக்குப் புரியும்.

இரண்டு விஷயம் கேட்கணும். முதலாவது துணி. அத்தை வாழ்நாளில் நைட்டி போட்டதே இல்லை, விடிகாலையிலேயே குளித்துச் சேலை கட்டிவிடுகிற ஆள். இப்போது வேறு வழியில்லாமல் நைட்டி போட்டு விடுகிறோம். யாராவது பார்க்க வந்தால் இடது கையால் போர்வையை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொள்கிறார். போன வாரம் பங்காளி வீட்டு ஆட்கள் வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், அவர்கள் கிளம்புகிற வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை. சேலை கட்டிப் பார்த்தோம், நிற்க வைக்க முடியாததால் நானும் அவரும் சேர்ந்து அரை மணி நேரம் போராடினோம், கடைசியில் இடுப்புக்கு அடியில் துணி சுருண்டு அத்தைக்கு வலி. வீட்டில் மெஷின் இருக்கிறது, பாவாடை, தலையணை உறை, சேலைக்கு ஃபால்ஸ் வரைக்கும் தைப்பேன்.

இரண்டாவது சாப்பாடு. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். ரசம் சாதம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்கிறார், கொடுத்தால் புரையேறுகிறது. என்னதான் செய்வது?

சுங்குடி அக்கா, திண்டுக்கல்:

தங்கச்சி, கண்டிப்பாகத் தைக்கலாம். எங்கள் அம்மாவுக்கு இப்படித்தான் நாலு சேலை மாற்றித் தைத்தேன், இரண்டு வருஷம் கட்டினார். சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பழைய பருத்திச் சேலையாக எடுங்கள், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. எங்கள் ஊர்ப்பக்கம் சின்னாளப்பட்டி சுங்குடி இதற்கு அருமை. சேலை 5.5 மீட்டர் இருக்கும். உள்ளே சொருகுகிற முனையிலிருந்து 3 மீட்டர் அளந்து வெட்டிவிடுங்கள், அது கீழ்ப்பாகம். மிச்சம் 2.5 மீட்டர் முந்தியோடு சேர்ந்த மேல்பாகம். வெட்டுவதற்கு மனசு வராது, எனக்கும் வரவில்லை, ஆனால் பீரோவில் மடித்து வைத்து யாருக்கு என்ன பிரயோஜனம் சொல்லுங்கள்.

கீழ்ப்பாகத்தின் நடுவில் 5 அங்குல மடிப்பு ஐந்து எடுங்கள். ஒரு மடிப்புக்கு 10 அங்குலத் துணி போகும், ஆக 50 அங்குலம். மீதி 68 அங்குலம் இடுப்பைச் சுற்றி வரும். இடுப்பு 38 என்று வைத்தாலும் 30 அங்குலம் மிச்சம், அது பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பாவாடைத் துணியில் 4 அங்குலப் பட்டி வெட்டி இரண்டாக மடித்து மேலே வைத்துத் தையுங்கள், மடிப்பையும் அதிலேயே பிடித்துவிடலாம். இரண்டு முனையிலும் நாடா. அவ்வளவுதான், படுத்திருக்கும்போதே முன்னால் வைத்துச் சுற்றி முடிச்சுப் போடலாம். பின்னால் தைக்காமல் திறந்தே இருப்பதால் டயப்பர் மாற்றுவதற்கு முழுசாக அவிழ்க்க வேண்டாம், இரண்டு பக்கமும் ஒதுக்கினால் போதும்.

மேல்பாகத்தின் வெட்டிய முனையைக் கொசுவி வலது இடுப்புப் பட்டியில் மூன்று டிச் பட்டன் வைத்து மாட்டுங்கள். மார்பு வழியாக வந்து இடது தோளில் போய் விழும். தோளில் ஊக்கு குத்தவே கூடாது, தூக்கத்தில் கழன்றால் குத்திவிடும். அங்கேயும் ரவிக்கைத் தோளில் டிச் பட்டன்தான். வெல்க்ரோவும் வைக்கலாம், ஆனால் சொரசொரப்பு தோலை உராயும், துவைக்கும்போது நூல் எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ரவிக்கைக்கு வலது கையின் உள்பக்கத் தையலை அக்குளிலிருந்து முழங்கை வரை பிரித்து, இரண்டு அங்குலத்துக்கு அதே நிறத்தில் துண்டு கொடுத்துத் தைத்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் அந்தக் கையை உள்ளே விடுவதற்குள் அவர் துடித்துவிடுவார்.

காவிரிக்கரை:

என் அப்பாவுக்கு இதே நிலைமை, மூன்று வருஷம் நான்தான் சமைத்துக் கொடுத்தேன். துணி பற்றி எனக்குத் தெரியாது, சாப்பாடு பற்றிச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒன்றாகப் போட்டு அடிக்காதீர்கள் சகோதரி. சாம்பார், பொரியல், சாதம் மூன்றும் ஒரே நிறத்தில் ஒரே கூழாக வந்தால் யாருக்குத்தான் இறங்கும்? சாதத்தைத் தனியாக மசியுங்கள், பூசணிக்காயைத் தனியாக மசியுங்கள், தட்டில் தள்ளித் தள்ளி வையுங்கள். அப்பா அதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார்.

நீங்கள் ஈரோடு, அரிசியும் பருப்பும் சாதம் இல்லாமலா? அதையே குழைவாகச் செய்யுங்கள். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம், கொஞ்சம் மஞ்சள். குக்கரில் ஆறு விசில். மிளகாயும் கறிவேப்பிலையும் வாயில் தட்டுப்படாமல் எடுத்துவிட்டு மத்தால் கடைந்து நெய் விடுங்கள். கொதிக்கும் வாசனையிலேயே அவருக்குப் பசி வரும்.

காலையில் ராகிக் கஞ்சி. இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வைத்தால் கட்டி விழாது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வயசானவர்களுக்கு நல்லது. களி மட்டும் வேண்டாம், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

ஈரோட்டு மருமகள்:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சேலைக்கு அளவெடுத்துவிட்டேன். இன்னும் ஒன்று, அத்தைக்கு முதுகுக்குக் கீழே லேசாகச் சிவந்திருக்கிறது. நடுவில் ஓட்டை உள்ள காற்றுத் தலையணை வாங்கி வைக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், வாங்கவா? ரசம் சாதத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள், தினமும் கேட்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலி:

அந்த ஓட்டைத் தலையணை வேண்டாம் அம்மா. அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கிற இடத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கும். சிவந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், இரவிலும்தான், முறை வைத்துக்கொண்டு செய்யுங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளுக்காமல் அப்படியே இருந்தாலோ தோல் உரிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டணும். திருப்பும்போது ஆளை இழுக்காதீர்கள். பழைய சேலை ஒன்றை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துவிட்டால், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அலுங்காமல் தூக்கி நகர்த்தலாம். சுருக்கம் மட்டும் இருக்கக்கூடாது.

சுங்குடி அக்கா சொன்ன சேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், நாடா முடிச்சு பின்பக்கம் வரவே கூடாது. இடது இடுப்பில், முன்பக்கமாக வரட்டும், நாடாவை அதற்கு ஏற்ற நீளத்தில் வையுங்கள். பின்னால் ஒரு முடிச்சின் மேல் மணிக்கணக்காகப் படுத்தால் அதுவே புண்ணாகிவிடும். சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் முந்தி சக்கரத்தில் மாட்டாத மாதிரி மடியில் எடுத்துப் போடுங்கள்.

உடுத்தும்போது எப்போதும் வலது கையை, அதாவது முடியாத கையை, முதலில் நுழைக்கணும். கழற்றும்போது அதைக் கடைசியாக. அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தசைக்குப் பலம் இல்லாததால் தோள் மூட்டு இறங்கிவிடும். முழங்கைக்கு அடியில் தாங்கிப் பிடியுங்கள்.

இப்போது ரசம் சாதம். அதில் தண்ணீரும் பருக்கையும் ஒரே வாயில் வருகிறது இல்லையா, பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் அதுதான் கஷ்டம். தண்ணீர் வேகமாக ஓடிவிடும், பருக்கை பின்னால் நிற்கும், அதற்குள் மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். வெறும் தண்ணீரே சிலருக்குப் புரையேறும். அதனால் முதலில் ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுப்பவர்) ஒருவரிடம் விழுங்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள், எது எவ்வளவு கெட்டியாக இருக்கணும் என்று அவர்தான் சொல்ல முடியும். அதுவரை ரசம் சாதத்தை நிறுத்தி வையுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு, ரசத்தை ஊற்றிப் பிசையாமல் ரசத்திலேயே சாதத்தைக் குழைய வேகவைத்துக் கடைந்து, தண்ணீர் பிரியாமல் கெட்டியாக எடுங்கள். மிளகு சீரக வாசனை அப்படியே இருக்கும்.

ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கணும், சின்ன ஸ்பூன், வாயின் இடது பக்கமாக. ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. வலது கன்னத்துக்குள் சாதம் தங்கும், அவருக்கே தெரியாது, கடைசியில் வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். சாப்பிட்ட பிறகு இருமல், தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரிக் குரல், காய்ச்சல், இதில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். உப்பும் பார்த்து, ஊறுகாயும் அப்பளமும் வேண்டவே வேண்டாம்.

ஈரோட்டு மருமகள்:

பதினோரு நாள் ஆகிவிட்டது, எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறோம், ராத்திரி அவரும் நானும் முறை வைத்துக்கொண்டோம், சிவப்பு மறைந்துவிட்டது. தெரபிஸ்ட் வந்து பார்த்தார். தண்ணீரையும் கொஞ்சம் கெட்டிப்படுத்தித்தான் கொடுக்கணுமாம், அதற்கு ஒரு பொடி எழுதிக் கொடுத்தார், கடைந்த சாதத்துக்குச் சரி என்றார். அரிசியும் பருப்பும் அன்றைக்கே செய்தேன், இரண்டு கரண்டி சாப்பிட்டார். ரசத்தில் வேகவைத்த சாதம் நேற்று. முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினார், இருமல் வரவில்லை, இன்னும் கொடு என்று கையைக் காட்டினார். சமையல்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சேலை தைத்து முடித்துவிட்டேன், மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்டது. கட்டிவிட ஏழு நிமிஷம்தான் ஆனது. சாயங்காலம் பெரிய நாத்தனார் வந்தபோது அத்தை போர்வையைத் தேடவே இல்லை. ஆனால் முந்தி கட்டையாக இருக்கிறது, மடி வரை வந்தால்தானே கையில் பிடித்துக்கொள்ள முடியும் என்று குறை சொல்கிறார். அடுத்த சேலைக்குக் கீழ்ப்பாகத்தை 3 மீட்டருக்குப் பதில் 2.75 வெட்டலாமா அக்கா?

சுங்குடி அக்கா, திண்டுக்கல்:

வெட்டலாம் தங்கச்சி. மடிப்பில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள், அந்த 10 அங்குலம் முந்திக்குப் போய்விடும். பின்னால் ஏறுகிற துணியில் மட்டும் கை வைக்காதீர்கள்.