கோலத்தை மிதிக்காத லெகோ வண்டி

வேளச்சேரியிலிருந்து:

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் நானும் சேர்ந்து கட்டிய முதல் லெகோ ரோபோ வண்டி, தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்து ஓடுவது. முழு வேகத்தில் ஓடி, முனையில் ஒரு நொடி திரும்பு என்று எழுதியிருந்தோம். புது பேட்டரியில் கச்சிதமாகத் திரும்பியது. ரிச்சி தெருவில் சார்ஜ் ஏற்றும் பேட்டரிகளை வாங்கிப் போட்டதும் பாதி திரும்பியதும் நின்றது. ஆறு சாதா பேட்டரிக்கு 9 வோல்ட், சார்ஜ் பேட்டரிக்கு 7.2 வோல்ட்தான் என்று அவள்தான் கணக்குப் போட்டுக் காட்டினாள். நொடிக்கணக்கை எடுத்துவிட்டு, சக்கரம் இத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்று மாற்றினோம். அப்புறம் எந்த பேட்டரி போட்டாலும் ஒரே மாதிரி திரும்புகிறது.

திருவல்லிக்கேணியிலிருந்து:

வேளச்சேரி நண்பருடையது கோடு பார்த்து ஓடும் வண்டி. என்னுடையது கோடு போடுகிற வண்டி. இரண்டு மார்கழியாக, லெகோவில் கோலம் போடும் ரோபோ கட்டினேன். கையில் இருந்தது லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ வரிசையைச் சேர்ந்த பழைய ஈவி3 செட். 2013இல் வந்த மாடல். 2022 முடிவோடு அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் என் மோட்டார்கள் இன்றும் நன்றாக ஓடுகின்றன.

முதல் வருடம் எளிய வடிவம்தான். பக்கத்துக்கு ஒரு சக்கரம், பின்னால் ஓர் உருளும் குண்டு, சக்கரங்களுக்குச் சரி நடுவில் மார்க்கர். நடுவில் இல்லாவிட்டால், வண்டி நின்ற இடத்தில் திரும்பும்போதெல்லாம் மார்க்கர் தேவையில்லாத வளைவை இழுத்துவிடும். சார்ட் பேப்பரில் அழகாக வந்தது. மார்க்கரை எடுத்துவிட்டு, கோலமாவு நிரப்பிய புனலை மாட்டி மொட்டைமாடியில் விட்டேன். சிக்குக்கோலத்தில் கோடு தன்னையே வெட்டிக்கொண்டு போகும் இல்லையா? அப்படி வெட்டும் இடத்திலெல்லாம் இரண்டு சக்கரமும் பழைய கோட்டில் ஏறி மாவை இழுத்துக்கொண்டு போயின. ஒல்லிச் சக்கரம் போட்டேன், புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன். தடம் மெலிந்ததே தவிரப் போகவில்லை.

துணி காயப்போட வந்த பாட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "கோலத்தை மிதிச்சுக்கிட்டே கோலம் போடுதேடா. போட்ட கோட்டு மேல நாங்க காலை வைப்போமா?" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் அவர் கோலம் போடும்போது கையை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன். கால் எப்போதும் வெளியேதான் இருந்தது. குனிந்து, கை மட்டும் உள்ளே போய் வந்தது. அன்றைக்கே வண்டியைப் பிரித்துவிட்டேன்.

அடுத்த வடிவம் பாலம் மாதிரி. கோலத்துக்கு இரண்டு பக்கமும் வெளியே சக்கரங்கள், மேலே குறுக்குச் சட்டம், அதில் பல்சட்டத்தின் மேல் புனல் இடவலமாக நகரும். நீளம் கூடியதும் சட்டம் நடுவில் தொய்ந்தது. இங்கேதான் நிறையக் கற்றுக்கொண்டேன். லெகோ கட்டையின் தலையில் இருக்கும் குமிழ்களில், குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., கட்டையின் உயரமோ 9.6 மி.மீ. அதனால் சும்மா அடுக்கிய கட்டைகளின் பக்கத்துளைகளில் செங்குத்துச் சட்டம் பொருந்தாது. துளையுள்ள கட்டை, அதன்மேல் 3.2 மி.மீ. தட்டை இரண்டு, மறுபடி துளைக்கட்டை என்று அடுக்கினால் துளைக்குத் துளை சரியாக 16 மி.மீ., அதாவது இரண்டு குமிழ் தூரம். அதில் சட்டத்தைப் பின் போட்டு இறுக்கியதும் தொய்வு நின்றது.

இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒரே அச்சில் ஓட்டினால் நீள அச்சு முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் பின்தங்குகிறது. பக்கத்துக்கு ஒரு மோட்டார் வைத்தேன். 56 மி.மீ. சக்கரத்தில் ஒரு டிகிரி என்றால் சுமார் அரை மி.மீ. நகர்வு, கோலத்துக்கு அது தாராளம். மூன்றாவது மோட்டார் புனலை நகர்த்த, நான்காவது புனலின் வாயைத் திறந்து மூட. ஈவி3இல் இருப்பதே நான்கு மோட்டார் இணைப்புகள்தான், அத்தனையும் தீர்ந்தன.

கோட்டின் வழியை எழுதுவதற்கு, தாம்பரம் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970களில் சக ஆய்வாளர்களோடு கோலத்தை இலக்கண விதிகளாக எழுதியது கைகொடுத்தது. புள்ளியைச் சுற்றும் அசைவுகள் சிலவே. ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டால் முழுக் கோலமும் ஒரு நீளச் சொல்லாகிவிடும். ப்ரோக்ராம் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும்.

மாவுதான் கடைசி வரை படுத்தியது. அரிசிமாவு ஈரக்காற்றில் புனலிலேயே கட்டிக்கொண்டது. கல்மாவைச் சலித்துப் போட்டு, புனலுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் கிளறிக்கொண்டே இருக்கும்படி செய்த பிறகுதான் ஒழுங்காக விழுந்தது. மாவுத்தூள் பல்சக்கரங்களில் ஏறினால் அரைத்துவிடும், அதனால் மற்ற மோட்டார்களையெல்லாம் மேலே தூக்கி வைத்துவிட்டேன்.

போகியன்று வாசலில் ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கோலம். பதினான்கு நிமிடம் ஆனது. ஒரு கோடும் கலையவில்லை. வண்டியை நான் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும் பாட்டி காவிக் கிண்ணத்தோடு வந்து, கோலத்தைச் சுற்றிக் கரை கட்டினார்.