மறு: ‘ஃபார்திங்கேல்’ – விளார்ப் பாவாடை என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

‘ஃபார்திங்கேல்’ என்ற பழைய ஐரோப்பியப் பாவாடைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை தொடங்கிய நாள்முதல் ஓரமாக இருந்து படித்துவந்தேன். 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் கவுன்களைத் தைத்து உடுத்துவது என் பொழுதுபோக்கு. அதற்கான தையல் குறிப்புகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே இந்த ‘ஃபார்திங்கேல்’ வந்து வழியை மறிக்கிறது. சொல் முடிவானால் முதலில் புழங்கப்போகிறவள் நான் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி விளக்கம். இது கவுனுக்கு அடியில் போடும் பாவாடை. இடுப்புக்குக் கீழே தொடங்கி விளிம்புவரை இடைவெளி விட்டுப் பட்டி வைத்துத் தைப்பார்கள். உள்பாவாடைக்கு நாடா கோப்பதைப் போலவே ஒவ்வொரு பட்டிக்குள்ளும் வளையக்கூடிய குச்சியைக் கோத்து வட்டமாக்கிவிடுவார்கள். மேலே சின்ன வட்டம், கீழே வர வரப் பெரிது. இதன்மேல் போடும் கவுன் கூம்பாக நிற்கும். 1546 வாக்கில் வரைந்த இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் படத்தைப் பாருங்கள். சிவப்புக் கவுனின் முன்திறப்பில் தெரியும் பாவாடையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அத்தனை பூவேலையும் விரித்துக் காட்டுகிறது. அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வளையங்கள்.

இனி, வந்த பரிந்துரைகளுக்கு.

> கூண்டுப் பாவாடை என்றால் சொன்னவுடன் புரிந்துவிடும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்று புரிந்துவிடும். 1856-ஐ ஒட்டி வந்த, எஃகுக் கம்பி வளையங்கள் கொண்ட ‘கிரினோலின்’ பாவாடையை அந்தக் காலத்து ஆங்கிலேயர்களே கூண்டு என்றுதான் அழைத்தார்கள். அதில் பெரும்பாலும் கம்பி வளையங்கள் நாடாக்களில் தொங்கும். இடையில் துணி இருக்காது. நம்முடையது துணிக்குள் குச்சி. தைக்கிறவளுக்கு இரண்டும் வெவ்வேறு வேலை. கூண்டைக் கிரினோலினுக்கு விட்டுவைப்போம், அதற்கும் ஒருநாள் இங்கே இழை தொடங்கத்தான் போகிறது.

> வட்டப் பாவாடை?

வேண்டாம். அம்ப்ரெல்லா கட் என்று நினைத்துக்கொள்வார்கள்.

> உள்ளே போடுவதால் உள்வளையப் பாவாடை என்றால் என்ன?

தங்கை கேட்டது நல்ல கேள்வி, ஆனால் தொடக்கத்தில் இது உள்ளே இருக்கவே இல்லை. 1470 வாக்கில் ஸ்பெயினில் புறப்பட்டபோது வளையங்கள் மேல்பாவாடையிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி வேறு நிறப் பட்டிகளில் ஓடின. பார்சிலோனா அருங்காட்சியகத்தில் ஓவியர் பெத்ரோ கார்சியா தே பெனபாரே வரைந்த, விவிலியத்தில் வரும் ஏரோது அரசனின் விருந்துக் காட்சி ஒன்று இருக்கிறது. அதில் சலோமி என்ற பெண்ணின் உடையில் வளையங்களை எண்ணிவிடலாம். ஸ்பெயின் அரசி இசபெல்லாவின் ஆன்ம குருவாக இருந்த எர்னாந்தோ தே தலவேரா இந்த மோஸ்தரைக் கண்டித்து எழுதியதும் அந்தக் காலத்தில்தான். உள்ளே ஒளிந்திருந்தால் அவர் இவ்வளவு கோபப்பட்டிருக்கமாட்டார். 1501-ல் ஸ்பானிய இளவரசி அரகோனின் கேத்தரின் திருமணத்துக்காக இங்கிலாந்து வந்தபோதும், உடையை உடம்பிலிருந்து தள்ளி நிறுத்தும் வளையங்களைப் பற்றித்தான் பார்த்தவர்கள் எழுதினார்கள். பிற்பாடுதான் அது கவுனுக்கு அடியில் போயிற்று. ‘உள்’ என்று வைத்தால் முதல் தலைமுறையை வெளியே தள்ளுகிறோம்.

> உலகமே ஃபார்திங்கேல் என்கிறது. ஒலிபெயர்த்துவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தப் பாடு?

அண்ணா, உலகம் சொல்லவில்லை, ஆங்கிலம் சொல்கிறது. அதுவும் வாய் தவறிச் சொன்னது. மூலம் ஸ்பானியத்து ‘வெர்துகாதோ’. பிரான்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போனபோது சிதைந்து இப்படி ஆயிற்று. கால் பென்னிக் காசான ஃபார்திங்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பங்குக்கு அதில் ‘கற்பைக் காப்பது’ என்று ஒரு பொருளை ஏற்றி வேடிக்கை பார்த்தார்கள். சிதைவைக் கடன் வாங்குவதைவிட மூலத்தைப் பார்ப்பது நல்லது.

வெர்துகாதோவின் வேர் ‘வெர்துகோ’. மரத்திலிருந்து வெட்டிய, பச்சை மாறாத, வளைத்தால் வளையும் இளங்கொம்பு. தொடக்கத்தில் வளையங்கள் அதைக் கொண்டுதான் போட்டார்கள். தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை: விளார். வளார், மிலாறு என்றும் சொல்வார்கள். புளியம் விளார் என்றால் அடி வாங்கிய தலைமுறைக்கு முதுகு நினைவுக்கு வரும். ஸ்பானியத்திலும் அதே கதைதான். கொம்பு சாட்டையாகி, சாட்டை அதைப் பிடித்தவனுக்கு ஆகி, இன்று வெர்துகோ என்றால் மரண தண்டனையை நிறைவேற்றுகிறவன். இரண்டு மொழியிலும் ஒரே குச்சி ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: விளார்ப் பாவாடை. வளையப் பாவாடை என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் விளார்ப் பாவாடையும் கிரினோலினும் 18-ஆம் நூற்றாண்டில் இரு பக்கமும் புடைத்த பாவாடையும் அடங்கும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தைக்கிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். மத்ரித்தில் 1580-ல் அச்சான ஹுவான் தே அல்செகாவின் துணிவெட்டும் புத்தகத்தில் வெர்துகாதோவுக்கு வரைபடம் இருக்கிறது. நீளம் ஒன்றரை வாரா (பழைய ஸ்பானிய நீள அளவு), விளிம்புச் சுற்று 13 சாணுக்குச் சற்றுக் கூட. இன்றைய கணக்கில் சுற்று 270 சென்டிமீட்டர் சுமாருக்கு வரும். அவ்வளவுதான்! இப்போது கடையில் கிடைக்கும் மணப்பெண் வளையப் பாவாடையை வாங்கிப் போட்டு, இது எலிசபெத் காலம் என்று வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. சுற்று கூடினால் கூம்பு போய்விடும். குறைவாக இருந்தால்தான் நடையும் மாறும்: எட்டி வைத்தால் கடைசி வளையம் கணுக்காலில் தட்டும், சின்ன அடியாக வைத்தால் கவுன் தானாக நகர்வதுபோலத் தெரியும். குச்சிக்கு இன்று பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து வளைக்கலாம். பிளாஸ்டிக் பட்டையும் எஃகுப் பட்டையும் கிடைக்கின்றன. நான் பிரம்புக் கட்சி. எஃகு தப்பாக மடங்கினால் அந்த முறுக்கு எளிதில் போகாது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மேலுடம்பில் இறுக்குவதற்கு ‘கார்செட்’ வேண்டாம், அது பின்னால் வந்த பெயர். அந்த நூற்றாண்டின் ஆங்கிலத்தில் இரண்டு பாதிகளை முடிந்து போடுவதால் அதை ‘ஒரு ஜோடி’ என்று இணையாகவே எண்ணினார்கள். நமக்குக் கச்சு போதும். 1562-ல் இறந்த தொலேதோவின் எலெயனோராவுடன் புதைத்து, பின்னர் பிளாரன்சில் தோண்டி எடுத்த வெல்வெட் கச்சில் விறைப்புக் குச்சிகள் கிடையாது, முன்னால் கொக்கிகள்தான். 1598-ல் அடக்கமான நொய்பர்கின் டொரொதியா சபீனாவின் கச்சில் வரிவரியாகக் குச்சி செருகத் தைத்திருக்கிறது. முன்னது கச்சு, பின்னது விறைப்புக் கச்சு. நடுவில் செருகும் தட்டையான மரத்துண்டுக்கு நெஞ்சுச் சட்டம்.

கழுத்தைச் சுற்றி நிற்கும் ‘ரஃப்’: கொசுவக் கழுத்துப்பட்டி. அதை நிறுத்துவது கஞ்சி, அதற்குப் புதுச்சொல் எதற்கு? 1564-ல் டிங்கன் வான் டென் பிளாசே என்ற பிளெமிய (இன்றைய பெல்ஜியப் பகுதி) பெண் லண்டனில் குடியேறிக் கஞ்சி போடக் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார். போடக் கற்க நாலைந்து பவுண்டு, காய்ச்சக் கற்கத் தனியாக 20 ஷில்லிங்!

அன்புடன்.

---

அம்மா,

விளார்ப் பாவாடை காதுக்கு நன்றாக இருக்கிறது, ஒற்றும் சரி. ஒரு தடை. 1590-களில் இடுப்பிலேயே மேசைபோல் அகன்று நேராகக் கீழே விழும் வகை வந்ததே, அதில் திமிங்கில எலும்பல்லவா போட்டார்கள்? விளாரே இல்லாத ஒன்றை விளார்ப் பாவாடை என்பது எப்படி?

---

ஐயா,

எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காயில் எடுத்ததையும் தேங்காய் எண்ணெய் என்றுதான் வாங்குகிறோம், யாரும் எள்ளைத் தேடுவதில்லை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்கூடக் குச்சி மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் முதல் வகையைக் கூம்பு விளார்ப் பாவாடை என்றும், நீங்கள் சொல்வதைச் சக்கர விளார்ப் பாவாடை என்றும் எழுதிக்கொள்கிறேன். இடுப்பில் கட்டும் பஞ்சடைத்த உருளை வேறு. அது இடுப்புத் திண்டு.

ஆனால் திமிங்கில எலும்பு என்று மட்டும் எழுதாதீர்கள். அது எலும்பே இல்லை. பல் இல்லாத திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து வரிசையாகத் தொங்கி இரையை வடிகட்டும் தகடு; நகமும் கொம்பும் எதனால் ஆனவையோ அதனாலேயே ஆனது. அதனால்தான் சூடு காட்டினால் வளைகிறது, மெல்லிய கீற்றாகக் கிழிபடுகிறது. எலும்பு என்று படித்துவிட்டு மாட்டெலும்பைச் சீவிச் செருகினால் முதல் முறை குனியும்போதே ஒடியும். வடிதகடு என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. கடலோர ஊர்க்காரர்கள் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் வாயில் அதைப் பார்த்தவர்கள் என்ன பெயரால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்களேன்.