பழைய ஜீப்: 15 கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது

சேற்றுவழி:
நண்பர்களே, மூன்று வாரமாக இதோடு போராடுகிறேன். முப்பது வயதைக் கடந்த, நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்கும் வலுவைக் கூட்டித்தரும் வேக்குவம் பூஸ்டர் உண்டு. காலையில் ஒரு கையால் தள்ளினாலே உருளும். 15 கிலோமீட்டர் போவதற்குள் பெடல் மேலே ஏறிக் கல்லாக இறுகிவிடுகிறது. இரண்டாவது கியரில் கூட இழுக்கத் திணறுகிறது. நிறுத்தி இறங்கினால் எரிந்த வாடை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது.

பட்டறையில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் முன் காலிப்பர் இரண்டையும் புதிதாக மாற்றினார்கள். துளி மாற்றமும் இல்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு மலை ஏற வேண்டும். இந்த நிலையில் அவர்களை வண்டியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

கிரீஸ்கை:
ஐயா, முதலில் ஒரே ஒரு கேள்வி. பிடிப்பது ஒரு சக்கரமா, ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களா, நான்குமா? ஒன்று மட்டும் என்றால் அந்தச் சக்கரத்தின் காலிப்பர், டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் அல்லது பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ். பின்னால் இரண்டும் என்றால் சேசிஸிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் ஒற்றை ஹோஸைச் சந்தேகப்படுங்கள். நான்கும் என்றால் சக்கரத்தில் எதைக் கழற்றினாலும் வீண். கோளாறு பெடலிலிருந்து, ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வரை உள்ள பகுதியில் இருக்கிறது. டிஸ்க்கையோ டிரம்மையோ தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். புறங்கையை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே சூடு தெரியும். ஆற்றுகிறேன் என்று தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

பழையஇரும்பு:
கை பிரேக் கேபிளையும் பாருங்கள். பின் டிரம்மில் உரசும் ஷூ அதிகம் இறுக்கப்பட்டிருந்தாலும், அதைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இப்படிச் சுடும். லேண்ட் ரோவர் சீரீஸ், வில்லிஸ் போன்ற வண்டிகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் இருக்கிறது. அது பிடித்தால் அங்கிருந்து அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டே இறுகும்; நான்கு சக்கரமும் பிடிப்பதுபோல் ஏமாற்றும்.

சேற்றுவழி:
இன்று ஓட்டிப் பார்த்தேன். நான்கிலும் சூடு. முன் இடது மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகம். என்னுடையதில் கை பிரேக் பின் டிரம்மில்தான். கேபிள் தளர்வாகவே தொங்குகிறது. சொல்ல மறந்துவிட்டேன்: இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் பூஸ்டரை மாற்றினோம்.

கிரீஸ்கை:
அதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்!

மாஸ்டர் சிலிண்டருக்குள் நடப்பதைச் சொல்கிறேன். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதுமாகப் பின்னுக்கு வரவேண்டும். அப்போதுதான் ரப்பர் கப்புக்கு முன்னால் இருக்கும் ஊசித்துளை திறக்கும். பிரேக் ஆயில் சூட்டில் விரிவது இயல்பு. விரிந்தது அந்தத் துளை வழியாகத்தான் மேலே இருக்கும் ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிறது. பூஸ்டரிலிருந்து வந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராட் என்ற கம்பி கொஞ்சம் நீளமாக இருந்தாலும் போதும், பிஸ்டன் முன்னாலேயே நிற்கும், கப் துளையை மூடிவிடும். விரிந்த ஆயிலுக்குப் போக இடமில்லை, அழுத்தம் ஏறுகிறது, காலிப்பரில் உள்ள பேட் டிஸ்க்கில் உரசுகிறது, உரசலில் இன்னும் சூடு, அதனால் இன்னும் அழுத்தம். ஆறினால் ஆயில் சுருங்கி விட்டுக்கொடுக்கிறது. நீங்கள் சொன்ன முக்கால் மணி நேரக் கதை இதுவேதான்.

சோதனையை வண்டி பிடித்திருக்கும்போதே செய்யுங்கள். ஆறியபின் பட்டறைக்குக் கொண்டுபோனால் யார் பார்த்தாலும் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்பார்கள். பலருடைய பணம் அப்படித்தான் வீணாகிறது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், பிரேக் விடுபட்டதும் வண்டி நகரும். இன்ஜினை அணையுங்கள். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல், சிலிண்டரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இழுங்கள். சக்கரம் விடுபட்டால் புஷ் ராட்தான். விடுபடாவிட்டால் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். அதில் விடுபட்டால் சிலிண்டருக்குள்ளேயே கோளாறு: துளை அடைத்திருக்கும் அல்லது கப் உப்பியிருக்கும். பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மேட்டுநிலம்:
கப் உப்புவது பற்றி ஒன்று. யாராவது அவசரத்தில் இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ பிரேக் டப்பாவில் ஊற்றியிருந்தால் ரப்பர் எல்லாம் வீங்கிவிடும். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். நெளிந்து பெரிதாகித் திரும்ப உட்காராமல் அடம் பிடித்தால் அதுதான் அடையாளம். அப்படியானால் ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது. வண்டியில் உள்ள ஹோஸ், கப், சீல் அத்தனையும் மாற வேண்டும்.

சேற்றுவழி:
ஐயா, கண்டுபிடித்துவிட்டோம்! மூடி ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. மாலை வேண்டுமென்றே ஓட்டிப் பிடிக்க வைத்தேன். நட்டைத் தளர்த்தி இழுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், பின்சக்கரம் கட்டையில் வந்து சாய்ந்தது. பிறகு சிலிண்டரைக் கழற்றி, புஷ் ராட் முனையில் மிளகு அளவு களிமண் ஒட்டித் திரும்பப் பொருத்தி, மறுபடி கழற்றினேன். களிமண் முழுக்க நசுங்கி விலகி, நடுவில் கம்பியின் இரும்பு பளபளவென்று தெரிந்தது. இடைவெளியே இல்லை. முனையில் இருந்த திருகை உள்ளே திருப்பி, வண்டியின் கையேட்டில் சொன்ன இடைவெளி வரும்வரை திரும்பத் திரும்பக் களிமண் வைத்துப் பார்த்தேன். இப்போது பெடலை மெல்ல அழுத்தத் தொடங்கும்போது டப்பாவில் ஆயில் சின்னதாகக் கொப்பளிக்கிறது. முன்பு அசைவே இல்லை.

30 கிலோமீட்டர் ஓட்டினேன். மூன்று சக்கரம் சாதாரணம். ஆனால் முன் இடது இன்னும் சுடுகிறது. புதுக் காலிப்பர் அதற்குள் கெட்டிருக்குமா?

பழையஇரும்பு:
காலிப்பர் நகர்ந்து ஓடும் கம்பியை, அதாவது பின்னை (pin), தேய்த்துக் கிரீஸ் வைத்தீர்களா? பேட் சிக்கியிருக்கலாம். இல்லையென்றால் ஹோஸை பிளையரால் நசுக்கிப் பிடித்துப் பாருங்கள்.

கிரீஸ்கை:
பிளையரால் வேண்டவே வேண்டாம். பழைய ரப்பர் உள்ளே கிழிந்துவிடும், வெளியே தெரியாது. முன் இடதை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, பிரேக்கை நன்றாக அழுத்திவிட்டுக் காலை எடுங்கள். சக்கரம் இறுகி நின்றால், முதலில் ஹோஸின் மேல் முனையில், சேசிஸ் பக்கம் இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அதற்குப் பிறகு ஆயிலை வெளியேற்றத் திறக்கும் காலிப்பர் நிப்பிள். இந்த வரிசை மாறக் கூடாது. மேலே திறந்தும் இறுக்கம் போகாமல், நிப்பிளைத் திறந்ததும் போனால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. இரண்டையும் திறந்தும் போகாவிட்டால் ஆயிலில் குற்றமில்லை. காலிப்பர் பிஸ்டன், பின், பேட் என்று இரும்பில் தேடுங்கள்.

சேற்றுவழி:
மேலே தளர்த்தினேன், சக்கரம் அசையவில்லை. நிப்பிளில் ஸ்பேனரைக் கால் சுற்றுத் திருப்பினேன். காப்பி நிறத்தில் ஆயில் சீறி என் சட்டைக் கைவரை வந்தது, சக்கரம் விட்டது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

ஹோஸைக் கழற்றிப் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை. உள்ளே ரப்பர் உரிந்து நாக்கைப் போல் தொங்குகிறது. காலால் மிதிக்கும் வலுவில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. திரும்பும்போது அதே நாக்கு வழியை அடைக்கிறது.

மேட்டுநிலம்:
ஒரு பக்கம் போயிருந்தால் மறு பக்கமும் அதே வயதுதான். மூன்று ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள். வண்டியின் உயரத்தைக் கூட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீளமான ஹோஸ் வேண்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்டீயரிங் இரு பக்கமும் முழுக்கத் திரும்பும்போதும் விறைக்கக் கூடாது, முறுக்கவும் கூடாது. ஆயில் காப்பி நிறம் என்கிறீர்களே, அது பல வருடத்து ஈரம் குடித்த ஆயில். டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம் உயிர். டாட் 5 என்று எழுதியிருக்கும் சிலிக்கான் ஆயிலை இதோடு கலக்காதீர்கள்.

சேற்றுவழி:
இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறேன், பழைய ஹோஸ் அப்படியே இருந்தது. மூன்றும் நீளமானதாக மாற்றி, ஆயில் முழுவதையும் தெளிவாக வரும்வரை வெளியேற்றி, டாட் 4 ஊற்றியாகிவிட்டது. இன்று 60 கிலோமீட்டர், பாதி மேடும் பள்ளமும். இறங்கியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைப் பிடித்துப் பார்த்தேன், நான்கும் ஒரே சூடு. நியூட்ரலில் நிறுத்தி என் மகள் ஒருத்தியே பின்னாலிருந்து தள்ளினாள், வண்டி நகர்ந்தது. கிரீஸ்கை ஐயா, மேட்டுநிலம் ஐயா, பழையஇரும்பு ஐயா, உங்கள் மூவருக்கும் என் நன்றி.

கிரீஸ்கை:
மிக்க மகிழ்ச்சி. கழற்றிய பழைய காலிப்பர்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் கோளாறே இருந்திருக்காது. சீல் மாற்றி எடுத்து வையுங்கள்.