கற்றையின் ஆட்டம் அடங்கிவிட்டது, எமிட்டன்ஸ் மட்டும் ஏறுகிறது. எங்கே தப்பு?

தரமணி_ராக்கோழி
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காகப் பிளாஸ்மா முடுக்கி ஒன்றை எஃப்பிபிக் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அடர்த்தி கன செ.மீ.க்கு 10¹⁷, நீளம் 30 செ.மீ. முன்னால் பிளாஸ்மாவில் அலை எழுப்பும் டிரைவர் கற்றை, பின்னால் அந்த அலையில் ஆற்றல் பெறும் 1 ஜிஇவி விட்னஸ் எலக்ட்ரான் கற்றை, அதன் எமிட்டன்ஸ் (துகள்களின் இடமும் கோணமும் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, குறைந்தால் நல்லது) 1 மைக்ரான். அலைன்மென்ட் பிசகினால் என்ன ஆகும் என்று பார்க்க விட்னஸை வேண்டுமென்றே 2 மைக்ரான் தள்ளி வைத்தேன். சென்ட்ராய்டு (கற்றைத் துகள்களின் சராசரி இடம்) முதலில் நன்றாக ஆடியது, 25 செ.மீ. வருவதற்குள் தானே அடங்கிவிட்டது. பிளாஸ்மாவே நேராக்கிவிட்டது என்று கைடிடம் சொல்லக் கிளம்பினேன். அப்புறம் பார்த்தால் எமிட்டன்ஸ் 4.6! ஒரு ரன்னுக்கு ஒரு ராத்திரி போகிறது, லேபில் ஏசியும் இல்லை. உதவுங்கள்.

மெஷ்_மாமா
ரெசல்யூஷன் போதாது தம்பி. கட்டங்களை நான்கு மடங்காக்கிப் பாருங்கள்.

தரமணி_ராக்கோழி
இரண்டு மடங்காக்கிப் பார்த்துவிட்டேன் சார். துகள்களையும் கூட்டினேன். அசையாமல் அதே 4.6.

அடையாறு_அக்கா
அசையவில்லை என்றால் அது இயற்பியல். கைடிடம் போகாமல் இருந்தீர்களே, நல்லது.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் பத்து ஊஞ்சல்கள், கயிற்றின் நீளம் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் ஒரே நேரத்தில் தள்ளிவிட்டால் முதலில் எல்லாம் சேர்ந்து ஆடும். கொஞ்ச நேரத்தில் ஒன்று முன்னால் போகும்போது இன்னொன்று பின்னால் வரும். சராசரி எடுத்தால் நடுவில்தான் நிற்கும். ஆனால் ஒரு ஊஞ்சல்கூட நிற்கவில்லை! நீங்கள் பார்த்த சென்ட்ராய்டு அந்தச் சராசரிதான்.

டிரைவர் எலக்ட்ரான்களை விலக்கிய பின் எஞ்சும் அயனித் தூண் விட்னஸை அச்சு நோக்கி இழுக்கிறது, அதனால் அச்சுக்கு இருபுறமும் ஆடுகிறது, இதுதான் பெட்டாட்ரான் ஆட்டம். உங்கள் அடர்த்தியில் 1 ஜிஇவிக்கு அதன் அலைநீளம் சுமார் 6.6 மி.மீ. ஆற்றல் மாறினால் அலைநீளமும் மாறும். கற்றையின் தலையும் வாலும் ஒரே அளவு ஆற்றல் பெறுவதில்லை, ஆகவே ஆட்டத்தின் கட்டம் (ஃபேஸ்) கலைந்துவிடுகிறது.

இந்த அளவுகளுக்குப் பொருத்தமான கற்றை அகலம் சுமார் 0.7 மைக்ரான்தான். 2 மைக்ரான் தள்ளினீர்கள், அகலத்தைப்போல மூன்று மடங்கு கிட்டே. முழுக்கக் கலைந்தால் கூடும் எமிட்டன்ஸ் காமா (ஆற்றலை ஓய்வு ஆற்றலால் வகுத்தது) × பெட்டாட்ரான் அலை எண் (2π ÷ அலைநீளம்) × விலகலின் வர்க்கம், அதில் பாதி. போட்டுப் பாருங்கள்.

தரமணி_ராக்கோழி
3.7 வருகிறது அக்கா. முதலில் இருந்த 1ஐக் கூட்டினால் 4.7. ஒரு வாரத் தூக்கம் போனது இதற்காகவா!

மெஷ்_மாமா
சரி, நான் சொன்னது தப்பு. ஆனால் ஒரு கேள்வி: அசிமுத்தல் மோடு (அச்சைச் சுற்றிப் புலம் எப்படி மாறலாம் என்பதற்கான கூறுகள்) எத்தனை வைத்தீர்கள்?

தரமணி_ராக்கோழி
ஒன்று. வேகமாக ஓடட்டும் என்று.

அடையாறு_அக்கா
மாமா சரியான இடத்தில் பிடித்தார். ஒன்று என்றால் புலம் முழுக்க வட்டச் சமச்சீர். ஹோஸிங் என்ற நிலையின்மையைப் பார்க்கவே முடியாது. தள்ளி வந்த கற்றை அயனித் தூணைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் சுவரை ஒரு பக்கம் சாய்க்கும், சாய்ந்த சுவர் பின்னால் வரும் வாலை இன்னும் தள்ளும். இதற்குக் குறைந்தது இரண்டு மோடு வேண்டும், மூன்று வைப்பது நல்லது. மொத்த சென்ட்ராய்டை வரையாதீர்கள், கற்றையைத் தலையிலிருந்து வால் வரை துண்டு துண்டாக வெட்டி ஸ்லைஸ் ஸ்லைஸாக வரையுங்கள். வால் பக்கம் வீச்சு வளர்ந்தால் ஹோஸிங். எல்லா ஸ்லைஸிலும் வீச்சு அப்படியே இருந்து கட்டம் மட்டும் பிரிந்தால் நாம் பேசிய கலைவு.

தரமணி_ராக்கோழி
மூன்று மோடு, இரண்டு ராத்திரி. முதல் 8 செ.மீ.யில் வால் ஸ்லைஸ்களின் வீச்சு வளர்ந்தது, அப்புறம் வளர்ச்சி நின்றது. எமிட்டன்ஸ் 6ஐத் தாண்டிவிட்டது.

அடையாறு_அக்கா
நின்றதற்கும் ஆற்றல் வேறுபாடுதான் காரணம். வால் வேறு அதிர்வெண்ணில் ஆடினால் தலையின் உதைக்கு ஒத்திசையாது. நேர்கோட்டு முடுக்கிகளில் பிஎன்எஸ் தணிப்பு என்ற பெயரில் இதை வேண்டுமென்றே செய்வார்கள். எமிட்டன்ஸைக் கெடுப்பதும் அதே வேறுபாடு, கற்றை சிதறாமல் காப்பதும் அதே வேறுபாடு.

இப்போது விலகலை 0.3 மைக்ரானாக்கி ஓட்டுங்கள். வர்க்கத்தில் போவதால் கலைவுக் கணக்கு வெறும் 0.08தான். அப்புறம் ஒன்று: அச்சு என்பது டிரைவர் போகும் கோடு. விட்னஸை நேராக வைத்து டிரைவரைச் சாய்த்தாலும் இதே கதைதான். நிஜ இயந்திரத்தில் டிரைவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கொஞ்சம் நடுங்கும், அதையும் ஒரு ரன்னில் போடுங்கள்.

தரமணி_ராக்கோழி
0.3க்கு 1.1 வந்தது! டிரைவர் சாய்வு இன்றிரவு. லேபுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவிட்டேன்.