அப்பத்தாவின் கண்ணுக்கு மாத்திரையா, சொட்டு மருந்தா?

செக்காலைத் தம்பி:
காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பத்தாவுக்கு வயது 74. வலது கண்ணில் புரை. இடது கண்ணில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், மூன்று வருடமாக இரவில் ஒரு சொட்டு மருந்து. போன மாதம் ஒரு கடையில் "கண் அழுத்தத்துக்கு நல்லது" என்று 1,850 ரூபாய்க்கு ஒரு டப்பா மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டப்பாவின் மேல் "ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்கும்" என்று போட்டிருக்கிறது. அப்பத்தா சொட்டை நிறுத்திவிட்டு இதைப் போட்டுக்கொள்கிறார்கள். புரையும் கரைந்துவிடும் என்கிறார் அப்பச்சி. நம்பலாமா?

துருப்பிடித்தவன்:
தம்பி, மாத்திரை என்றதும் சிரிக்க ஒரு கூட்டம் வரும், அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நம்மூர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடம் உலோக அரிப்பைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கண்புரையும் ஏறக்குறைய அதே சங்கதிதான், ஆக்சிஜன் பட்டுக் கெடுவது. லென்ஸின் நடுவில் இருக்கும் கிரிஸ்டலின் புரதம் பிறந்தபோது வந்தது, ஆயுசுக்கும் அதுவேதான், புதுசு வராது. அதை ஆக்சிஜனிடமிருந்து காப்பது குளுட்டத்தியோன் என்ற பொருள். வயது ஏற ஏற அது லென்ஸின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. அப்புறம் புரதத்தில் உள்ள கந்தகம் ஒன்றோடொன்று பிணைந்து கட்டி கட்டியாகிறது, வெளிச்சம் சிதறுகிறது. இன்னொரு சான்றும் உண்டு. விழித்திரைக் கோளாறுக்காகக் கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டால் லென்ஸுக்குப் பின்னால் ஆக்சிஜன் கூடுகிறது. 50 தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் புரை வந்துவிடும். ஆக்சிஜன்தான் குற்றவாளி என்றால் அதைத் தடுக்கும் மாத்திரையைக் கேலி செய்வானேன்?

மூன்றாம் வரி:
தேவகோட்டையிலிருந்து. கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் வேலையில் இருந்தவள். ஐயா சொன்ன காரணம் சரி, அதிலிருந்து மருந்துக்குத் தாவியதுதான் தப்பு. இதை நம் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, 35 முதல் 50 வயதுக்குட்பட்ட 798 கிராமத்து மக்களிடம் 5 வருடம் நடந்தது. ஒரு பாதிப்பேருக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின். மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2006இல் முடிவு வெளிவந்தது. புரை வளர்ந்த வேகத்தில் வித்தியாசமில்லை.

துருப்பிடித்தவன்:
ஆச்சி, நாற்பது வருடம் ஏறிய துருவுக்கு 5 வருடக் கணக்கா? 2011இல் புதுச்சேரிப் பக்கமும் ஹரியானாவிலும் 60 தாண்டிய 5,600க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்களே, ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்தவர்களுக்குப் புரை அதிகம் இருந்ததே. அதை விட்டுவிட்டீர்கள்.

மூன்றாம் வரி:
விடவில்லை. அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் வைட்டமின் சி கூடுதலாக இருப்பவர் காய்கனி வாங்க வசதி உள்ளவர், விறகுப் புகையில் சமைக்காதவர் என்றெல்லாம் இருக்கலாம். எத்தனை கழித்துப் பார்த்தாலும் அந்தச் சந்தேகம் தீராது. அதற்குத்தானே மாத்திரை கொடுத்தே பார்ப்பது? அமெரிக்காவில் 55 முதல் 80 வயதுக்குள் 4,629 பேரிடம் இதே வைட்டமின்களைச் சராசரி ஆறு வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்து 2001இல் சொன்னதும் இதேதான். ஏற்கெனவே கட்டிப்போன புரதத்தைக் கரைப்பது தனிக் கதை. துரு தின்ற கம்பிக்குப் பெயின்ட் அடித்தால் கம்பி பழையபடி ஆகுமா? அது உங்கள் தொழில், நீங்களே சொல்லுங்கள்.

கவுனி அரிசி:
எங்கள் ஆயா 90 வயதுவரை கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தார்கள். எல்லாம் கவுனி அரிசிதான். அந்தக் கறுப்பு நிறமே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்.

மூன்றாம் வரி:
நிறத்தைப் பற்றிச் சொன்னது சரி. கல்யாண வீட்டில் கவுனி அரிசி இனிப்பில் விழும் சர்க்கரையையும் கணக்கில் சேருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் புரை சீக்கிரமே வரும்.

அதை விடுங்கள், இந்த இழையில் எல்லோரும் தாண்டிப்போன இடம் ஒன்று இருக்கிறது. டப்பாவில் இருக்கும் "அழுத்தம்" வேறு, டாக்டர் சொல்லும் "அழுத்தம்" வேறு. முன்னது ரசாயனச் சமநிலை கெடுவது. பின்னது கண்ணுக்குள் நீர் தேங்கி முட்டுவது, மி.மீ. பாதரசக் கணக்கில் அளப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டோம், கடைக்காரருக்கு வசதியாகப் போயிற்று! வளவில் மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் தூம்பு வழியாகப் போக வேண்டும். கண்ணிலும் நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் அளவு நீர் சுரந்து ஒரு வலை வழியாக வடிகிறது. வலை அடைத்தால் பார்வை நரம்பு நசுங்கும். புரைக்கு லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும்; கிளாக்கோமாவில் போனது போனதுதான். தம்பி, சொட்டை இன்று ராத்திரியே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லி, டாக்டரிடம் அழுத்தம் பார்க்கக் கூட்டிப் போங்கள்.

துருப்பிடித்தவன்:
அந்த வலையின் செல்கள் சாவதிலும் ஆக்சிஜனேற்றத்துக்குப் பங்கு உண்டு, நரம்பு செல்களிலும் உண்டு. 2020இல் ஆஸ்திரேலியாவில் கிளாக்கோமாக்காரர்களுக்கு வைட்டமின் பி3 வகையான நிகோடினமைடு கொடுத்ததில் விழித்திரையின் செயல்பாடு சிலருக்கு மேம்பட்டது.

மூன்றாம் வரி:
57 பேர், ஆளுக்குப் பன்னிரண்டு வாரம். கிளாக்கோமா சிகிச்சையை யாரும் நிறுத்தவில்லை, அதோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு, பெரிய சோதனைகள் முடியட்டும்.

துருப்பிடித்தவன்:
சொட்டை நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? நிறுத்தியது தப்பு, அதில் சண்டையில்லை. புரை விஷயத்தில் 5 வருடம் போதாது என்பதை மட்டும் நான் விடுவதாயில்லை.

செக்காலைத் தம்பி:
நேற்று கூட்டிப் போனோம். இடது கண்ணில் 27. சொட்டு போட்டுக்கொண்டிருந்தபோது 16 இருந்தது. மறுபடி ஆரம்பித்தாயிற்று, வலது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். டப்பாவில் இன்னும் 41 மாத்திரை இருக்கிறது. "காசு போட்டு வாங்கியது" என்று அப்பத்தா காலையில் ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். கெடுதல் உண்டா?

மூன்றாம் வரி:
டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், எத்தனை வைட்டமின் ஈ என்று பார்க்க வேண்டும். அப்பத்தா ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா?