விசாரணைக்கு அழைத்துக் கடிதம் வந்தபோது என்ன செய்தீர்கள்?

மாங்குளத்தான்:
கிளிநொச்சியில் ஒரு தனியார் விற்பனை நிலையத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறேன். கையிருப்பில் குறைவு என்று சொல்லி, வரும் வியாழக்கிழமை ஒழுக்காற்று விசாரணைக்கு வரும்படி கடிதம் தந்திருக்கிறார்கள். எந்தப் பொருள், எந்த மாதம் என்று ஒன்றும் இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். "பயப்படாதே" என்ற ஆறுதல் வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

விசுவமடு அக்கா:
தம்பி, முதலில் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள். என்ன பொருள், எவ்வளவு, எந்தத் திகதி, கணக்கெடுத்தவர் யார் என்று கேளுங்கள். விவரம் கிடைத்த பிறகு பதில் தயாரிக்க அவகாசமும் அதிலேயே கேளுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால் இருக்கிறது.

நான் ஒரு நிதி நிறுவனத்தில் தவணைப் பணம் அறவிடுகிறவள். வாங்கிய பணத்தை அன்றே கிளையில் செலுத்தவில்லை, ஆகவே கையாடல் என்பது என்மேல் வந்த குற்றச்சாட்டு. கடிதம் கொழும்பிலிருந்து சிங்களத்தில் வந்தது. முகாமையாளர், தானே வாசித்துச் சொல்வதாகக் கூறினார். நல்ல மனிதர்தான், ஆனாலும் தமிழ்ப் பிரதி எழுத்தில் வரும்வரை எதிலும் கையொப்பமிட மாட்டேன் என்றேன். அதனால் விசாரணை தள்ளிப்போனது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

அவர்கள் குறிப்பிட்ட திகதி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்ட நாள். கனகராயன் ஆறு பெருகி முரசுமோட்டைப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடியது. நான் பணத்தோடு விசுவமடுவில் நின்றேன். கொழும்பில் மேசைக்கு முன்னால் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? தெரியவைப்பது என் வேலை. பற்றுச்சீட்டுகளின் காபன் பிரதி, அன்று மாலை முகாமையாளருக்கு அழைத்ததைக் காட்டும் தொலைபேசிப் பதிவு, வான்கதவு திறந்த செய்தி வந்த பத்திரிகை, மறுநாள் காலையில் பணம் செலுத்திய சிட்டை எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்கி, மேலே ஒரே பக்கத்தில் நடந்ததை எழுதி வைத்தேன். என்னோடு வழியில் அகப்பட்ட சக ஊழியரின் பெயரையும் சாட்சியாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன்.

விசாரணையில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தினேன். அவர்கள் பேசாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எதையாவது சொல்லத் தோன்றும், வாயை மூடிக்கொண்டிருங்கள். முடிவில் நீட்டிய பதிவில், நான் தாமதத்தை ஏற்றுக்கொண்டதாக மட்டும் இருந்தது. வெள்ளத்தையும் சேர்த்து எழுதிய பிறகே கையொப்பமிட்டேன்.

கையாடல் போய்விட்டது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கும் மறுப்பு எழுதி, அலுவலகத்தில் உள்ள என் கோவையில் சேர்க்கச் சொன்னேன். "விட்டுத் தொலையேன்" என்றார் என் வீட்டுக்காரர். விடவில்லை.

முள்ளியவளை வாசகர்:
அரச ஊழியர்களின் வழி வேறு. தாபன விதிக்கோவை இரண்டாம் தொகுதியின் 48ஆம் அத்தியாயத்தில் இதற்கான ஒழுங்குகள் இருக்கின்றன. உங்களுக்கு அது பொருந்தாது. நிறுவனத்தின் சொந்த ஒழுக்காற்று விதிகளையும் உங்கள் நியமனக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள்.

வவுனியா தொழிற்சங்கக்காரர்:
ஒன்றைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. விசாரணைக்கு முன்தினம் யாராவது ஒருவர் அன்பாகத் தோளில் கைபோட்டு, "இராஜினாமாக் கடிதம் எழுதித் தந்துவிடு, நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்பார். நான் பார்த்தவற்றில் வேலையையும் வழக்கையும் சேர்த்து இழந்தவர்கள் இங்கேதான் விழுந்தார்கள். தானாக விலகியவர், தன்னை நீக்கிவிட்டார்கள் என்று, வேலைநீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபையில் நிறுவுவது மிகக் கடினம்.

நீக்கினால் நீக்கட்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால், ஒழுக்காற்றுக் காரணத்தால் நீக்கியதற்கான விளக்கத்தை இரண்டாவது வேலைநாள் முடியுமுன் எழுத்தில் தர வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். நியாய சபைக்குப் போகக் காலக்கெடு உண்டு. அதே கிழமையில் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். குறைந்த சரக்குக்கு நானே பொறுப்பு என்று சும்மா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடச் சேவை முடித்தவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை உரித்து. நிதி மோசடி, பொருள் இழப்பு போன்ற காரணங்களால் நீக்கப்பட்டால், இழப்பின் அளவுக்கு அதில் கைவைக்க 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இடம் தருகிறது.

மாங்குளத்தான்:
விவரம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன், பிரதியில் கையொப்பமும் வாங்கினேன். ஒரு சந்தேகம். கணக்கெடுப்புத் தாளில் என் கையொப்பம் இல்லை. அன்று நான் விடுமுறையில் இருந்தேன். இதை இப்போதே சொல்வதா, அவர்கள் தாளைக் காட்டும்வரை காத்திருப்பதா?

விசுவமடு அக்கா:
எழுத்துப் பதிலிலேயே போடுங்கள், விடுமுறைப் படிவத்தின் பிரதியோடு. ஒளித்து வைத்து அங்கே எடுத்தால், இப்போது சோடித்தது என்பார்கள்.