புத்தகம் கையில் இருக்கிறது, தேடலில் இல்லை: நூலக மென்பொருளான கோஹாவில் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கல்லூரி நூலகர்:
போன ஜூலையில் முதுகலை மாணவி ஒருவர் கையில் புத்தகத்தோடு வந்தார். “சார், இதை ஓபாக்கில் தேடினால் இல்லைன்னு வருது. ரேக்கில் தற்செயலாகத்தான் பார்த்தேன்” என்றார். ஓபாக் என்பது வாசகர்கள் புத்தகம் தேடும் பக்கம். பார்கோடை ஸ்கேன் செய்தேன், புத்தகத்தை இரவல் கொடுக்கும் வழங்கல் திரையில் உடனே வந்தது. தலைப்பை அடித்தால் ஒன்றும் இல்லை.

அந்த வித்தியாசத்தில்தான் பிடி கிடைத்தது. வழங்கல் நேராக டேட்டாபேஸைப் பார்க்கும். ஓபாக் தேடல் பார்ப்பது ஜீப்ரா என்ற தேடல் மென்பொருளின் இன்டெக்ஸை, அதாவது அதன் சொல்லடைவை. புத்தகத்தின் பதிவு அழியவில்லை, இன்டெக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். புதிதாகச் சேமிக்கும் பதிவின் எண் முதலில் ஜீப்ராக்யூ டேபிளில் வரிசையில் நிற்கும். இன்டெக்ஸில் சேர்க்கும் நிரலான இன்டெக்ஸர் அதை எடுத்து முடித்ததும் ‘டன்’ (முடிந்தது) என்ற கட்டத்தில் 0 போய் 1 வரும். எண்ணிப் பார்த்தேன், 614 பதிவுகள் 0-வோடு நின்றன. மூன்று வாரத்துக்கு முன் கரண்ட் போய் சர்வர் அணைந்திருக்கிறது. திரும்ப எழுந்தபோது இன்டெக்ஸர் மட்டும் எழவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்து ஏற்றிய ஒரு புத்தகம்கூடத் தேடியவர் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அதை நினைத்து அன்று மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

இன்டெக்ஸரை மறுபடி ஓடவிட்டதும் வரிசை காலியானது. ஆனாலும் நான்கு புத்தகங்கள் வரவில்லை. மாலையில் நூலகத்தை மூடியபின், கோஹா-ரீபில்ட்-ஜீப்ரா கட்டளையால் முழு இன்டெக்ஸையும் புதிதாகக் கட்டினேன். விவரத்தைக் காட்டச் சொல்லி ஓட்டியதால் பிழை வரியிலேயே பதிவு எண் இருந்தது. நான்கிலும் 505 புலத்தில், பொருளடக்கத்தை பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தோம். கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்து ஒன்றும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது. இன்டெக்ஸருக்குப் பதிவுகள் போகும் எக்ஸ்எம்எல் வடிவம் அதை ஏற்காது, அதனால் பதிவையே விட்டுவிட்டுப் போகிறது. அந்தப் புலத்தை அழித்துவிட்டுக் கையால் அடித்தேன், வந்துவிட்டது.

பொது நூலகப் பணியாளர்:
எங்களுக்கு வரிசையும் காலி, பிழையும் இல்லை. இருந்தும் ‘கௌரி’ என்று தேடினால் பாதிப் புத்தகங்கள்தான் வரும். பழைய எழுத்துருவில் இருந்த தரவை யூனிகோடுக்கு மாற்றியபோது வந்த வினை. சில பதிவுகளில் ‘கௌ’ ஒரே எழுத்தாக இல்லை. ‘கெ’, பக்கத்தில் தனி ‘ள’. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ‘கொ’விலும் இப்படி ஒன்று உண்டு. கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகக் கிடந்தன. அது எளிது, தனிக் குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். ‘கௌ’ அப்படித் தீராது. எல்லா இடத்திலும் மாற்று என்று ஒரே கட்டளை கொடுத்தால் ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் கெட்டுப்போகும். இருநூற்றுச் சொச்சம் தலைப்புகளை நானும் உடன் வேலை பார்க்கும் அக்காவும் ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தினோம். நான்கு நாள் ஆனது. முதலில் ஒரு பதிவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தின் யூனிகோடு எண்ணையும் பாருங்கள். வெறும் கண்ணை நம்ப வேண்டாம்.

கோஹா பராமரிப்பவர்:
நான் பார்த்த ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையின் எல்லா இதழ்களையும் ஒரே பதிவின் கீழ் பிரதிகளாக ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒரு நாள் அந்தப் பத்திரிகை தேடலில் காணோம். பிரதி சேரச் சேரப் பதிவு நீளும். நூலகப் பதிவுகளைப் பரிமாறும் ஐஎஸ்ஓ 2709 வடிவில் பதிவின் நீளத்தை எழுத ஐந்து இலக்கம்தான் இடம், 99,999 பைட்டுக்கு மேல் போகாது. அது பழைய கோஹா, இன்டெக்ஸுக்கு அந்த வடிவில்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்எம்எல்லில் அனுப்ப மாற்றியதும் சரியாகிவிட்டது.

கல்லூரி நூலகர்:
‘கெள’ விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தமிழ்த் துறைப் புத்தகங்களும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியவைதான். நாளை காலை முதல் வேலையாக அதைப் பார்க்கிறேன்.